நிழல் தோட்டத்தில் பறவைக்கூடு பெரணி: இடம் தேர்வது முதல் மரத்தில் ஏற்றுவது வரை

வெயில் எட்டிப்பார்க்காத மூலை ஒன்று ஏறக்குறைய எல்லா வீட்டுத் தோட்டங்களிலும் இருக்கிறது. மாமரத்தடி, மதிலுக்கும் வீட்டுக்கும் இடையிலான சந்து, தண்ணீர்த் தொட்டியின் பின்புறம், அடுக்குமாடிக் குடியிருப்பின் நடுமுற்றம் என்று அது எங்கே அமைந்தாலும், அங்கே ரோஜா பூப்பதில்லை, செம்பருத்தி ஒல்லியாக நீள்கிறது, புல்லும் திட்டுத்திட்டாகக் கருகிப்போகிறது. இத்தகைய இடத்தில் ஆண்டின் 12 மாதமும் பச்சை குறையாமல் நிற்கும் செடி வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, நர்சரிகளில் ‘பேர்ட்ஸ் நெஸ்ட் ஃபெர்ன்’ என்ற பெயரில் விற்கப்படும் பறவைக்கூடு பெரணியைத்தான் முதலில் பரிந்துரைப்பேன். அஸ்பிளீனியம் நைடஸ் என்பது அதன் அறிவியல் பெயர். மற்றப் பெரணிகளைப் போல இதன் இலை சீப்புப் பற்களாகப் பிளவுபடுவதில்லை. அகலமான, பளபளப்பான, ஒற்றை இலைகள் நடுவிலிருந்து வட்டமாக எழுந்து ஒரு கிண்ணம் போல விரிகின்றன. தொட்டியில் அரை மீட்டர் நீளமும், நல்ல இடத்தில் தரையிலோ மரத்திலோ வளர்ந்தால் ஒரு மீட்டருக்கு மேலும் இலைகள் நீளும். நாய், பூனை வளர்க்கும் வீடுகளில் அவை கடித்தாலும் நஞ்சாகாத செடி என்பதும் இதற்கு ஒரு தகுதி.

வளர்ப்பது கடினம் என்று இந்தச் செடிக்கு நம் ஊரில் பெயர் வந்துவிட்டது. நிழலில்தான் வைத்தேன், தண்ணீரும் தவறாமல் ஊற்றினேன், இருந்தும் அழுகிவிட்டது என்பதே பெரும்பாலானோர் சொல்லும் குறை. செடி சாவதற்குக் காரணம் பெரும்பாலும் நிழல் குறைவு அல்ல; அதை மண்ணில் நடுவதுதான். இது மண்ணில் வாழப் பிறந்த செடி அல்ல, மரத்தில் தொற்றி வாழும் செடி. வேருக்குக் காற்று, இலைக்கு ஈரம் என்ற இரண்டையும் ஒருசேரக் கொடுத்துவிட்டால் மீதி எல்லாம் எளிது. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் இந்த இரண்டில் ஒன்றைக் காப்பதற்காகவே.

காட்டில் அது வாழும் முறை

கிழக்கு ஆப்பிரிக்கா முதல் தென்னிந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் வரை இந்தப் பெரணியின் பரப்பு நீள்கிறது. இதுவும் இதன் நெருங்கிய உறவினங்களும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் மரக்கிளைகளின் கவட்டிலும் ஓடையோரப் பாறைகளிலும் வளர்கின்றன. மேலிருந்து விழும் சருகு, பூ, பட்டைத்துகள், பறவை எச்சம் எல்லாவற்றையும் இலைக்கிண்ணம் ஏந்திக்கொள்கிறது. அவை மட்கி உரமாக, அந்த மட்குக்குள் பஞ்சு போன்ற வேர்கள் பரவி நீரைப் பிடித்துவைக்கின்றன. மண்ணே இல்லாத இடத்தில் தனக்கான மண்ணைத் தானே தயாரித்துக்கொள்ளும் செடி இது.

இந்தக் கூட்டுக்குள் வாழ்வது பெரணி மட்டுமல்ல. மலேசியாவின் சபா மாநிலத்தில் உள்ள டானும் பள்ளத்தாக்குக் காட்டில் எல்வுட், ஃபாஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் மர உச்சிகளில் இருந்த பறவைக்கூடு பெரணிகளை இறக்கி ஆராய்ந்து, 2004-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெரிய பெரணி ஒன்றின் எடை 200 கிலோ வரை இருந்தது. அத்தகைய ஒரே ஒரு பெரணிக்குள் வாழும் பூச்சிகள், சிலந்திகள் முதலிய சிற்றுயிர்களின் மொத்த எடை, அந்த மரத்தின் எஞ்சிய தழைப்பகுதி முழுவதிலும் வாழ்பவற்றின் எடைக்கு ஏறத்தாழச் சமமாக இருக்கக்கூடும் என்று அவர்கள் கண்டார்கள். தொட்டியில் வளரும் செடியின் கிண்ணத்தில் இரண்டு சருகு விழுந்தால் உடனே பொறுக்கி எறிய வேண்டியதில்லை என்பதை இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளலாம்.

முதல் படி: நிழலை அளப்பது

நிழல் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பல வகை உண்டு. இந்தப் பெரணிக்கு வேண்டியது வெளிச்சமான நிழல், இருட்டு அல்ல. நண்பகலில் செடி வைக்க நினைக்கும் இடத்தில் கையைத் தரைக்கு ஒரு முழம் மேலே நீட்டிப் பாருங்கள். கையின் நிழல் விரல் விரலாகக் கூர்மையாக விழுந்தால் அங்கே வெளிச்சம் மிகுதி, இலை வெளுத்துப்போகும். ஓரம் மங்கிய நிழல் விழுந்தால் அதுவே சரியான இடம். நிழலே தெரியவில்லை என்றால் செடி உயிரோடு இருக்கும், ஆனால் வளராது; இலைகள் குறுகி, நீண்டு, தொங்கும்.

இந்தச் சோதனையை ஆண்டில் ஒருமுறை செய்துவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது என்பதுதான் நம் நிலப்பகுதியின் சிறப்பான சிக்கல். வீட்டின் வடபுறம் எப்போதும் நிழல் என்று வெளிநாட்டுத் தோட்ட நூல்கள் சொல்வதை அப்படியே நம்பிவிடக் கூடாது. சென்னையில் ஏப்ரல் இறுதிவாக்கில் சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வருகிறது. அதன் பிறகு ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிக்கு வடக்கேதான் செல்கிறது. தெற்கே போகப் போக இந்தக் காலம் இன்னும் நீளும். டிசம்பரில் 3 மீட்டர் உயரச் சுவர் ஒன்று வடபுறத்தில் இரண்டு மீட்டருக்கு மேல் நண்பகல் நிழல் தரும். அதே சுவர் ஜூன் மாதத்தில் வடபுறத்துக்கு நண்பகல் நிழலே தராது. காலையிலும் மாலையிலும் சூரியன் வடகிழக்கிலும் வடமேற்கிலும் தாழ்வாக நிற்பதால் வெயில் அந்தச் சுவரின் மீதே விழும். மார்கழியில் வடபுறச் சுவரடியில் செழித்து நின்ற செடி வைகாசியில் திடீரென்று கருகுவதற்கு இதுவே காரணம். எனவே வடபுறத்தைத் தேர்ந்தால், மேலே அகலமான சன்ஷேடோ, மரக்கிளையோ, 75 சதவீத நிழல்வலையோ இருப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். கிழக்குப்புறம் காலை 9 மணி வரை விழும் இளவெயிலைச் செடி தாங்கும். மேற்குச் சுவரை மட்டும் விட்டுவிடுங்கள். நேரடி வெயில் விழாவிட்டாலும் மாலை முழுவதும் சூடேறி இரவிலும் அனல் வீசும் சுவர் அது.

இலையுதிராத மரத்தடியே எல்லாவற்றிலும் சிறந்த இடம். மா, பலா, சப்போட்டா ஆகியவை கோடையிலும் தழையோடு நிற்பவை. வேம்பு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இலை உதிர்க்கும் என்பதால் அதன் அடியில் வைத்த செடிக்கு அந்தச் சில வாரங்களுக்கு வேறு மறைப்பு வேண்டியிருக்கும். காற்றையும் கவனிக்க வேண்டும். கோவை, தேனி, தென்காசிப் பகுதிகளில் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று இந்த அகன்ற இலைகளை நடுநரம்போடு கிழித்துவிடும். அங்கே காற்று வரும் பக்கத்தில் ஒரு சுவரோ அடர்ந்த வேலியோ இருப்பது அவசியம்.

வெப்பநிலையில் 16 முதல் 27 டிகிரி வரை இதற்கு மிகவும் இதமானது. 35 டிகிரியையும் அதற்குச் சற்று மேலும் காற்றில் ஈரம் இருந்தால் தாங்கும். 10 டிகிரிக்குக் கீழே இறங்கினால் தாங்காது. உறைபனி விழும் ஊட்டியில் இதை வெளியில் வைக்க முடியாது.

இரண்டாம் படி: செடியைத் தேர்வது

நர்சரியில் பெரிய செடியை எடுக்கத் தோன்றும். ஆறேழு இலைகளுடன், 6 அங்குலத் தொட்டியில் இருக்கும் நடுத்தரச் செடியே புதிய இடத்துக்கு எளிதில் பழகும் என்பது என் கருத்து. வாங்குமுன் கிண்ணத்தின் நடுவே பாருங்கள். இளம்பச்சையில், பழுப்பு நிறப் பஞ்சு மூடிய சுருள் குருத்துகள் உருண்டையாக உட்கார்ந்திருக்க வேண்டும். அவற்றைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம். அந்த நிலையில் குருத்து மிக மென்மையானது, நகம் பட்ட தடம் இலை விரிந்த பிறகு வடுவாக நிற்கும். நடுப்பகுதி கறுத்தோ நீர்கோத்தோ இருந்தால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். இலையைத் திருப்பி, அடிப்புற நடுநரம்பை ஒட்டிச் செதில் பூச்சி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அலை அலையான விளிம்புள்ள ஒசாகா, விக்டோரியா ஆகிய வகைகள் அஸ்பிளீனியம் ஆன்டிகுவம் என்ற உறவினத்தைச் சேர்ந்தவை. இலைநுனி பலவாகப் பிரியும் கிறிஸ்ஸி என்ற வகையும் கிடைக்கிறது. வளர்ப்பு முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். முதன்முறையாக வளர்ப்பவர்களுக்குச் சாதாரண வகையே போதும்.

ஒரு வேண்டுகோள். வால்பாறைக்கோ கொல்லிமலைக்கோ குற்றாலத்துக்கோ சுற்றுலா போகும்போது மரத்தில் நிற்கும் பெரணியைப் பெயர்த்து எடுத்துவராதீர்கள். காப்புக்காடுகளிலும் சரணாலயங்களிலும் அது சட்டப்படி குற்றம். அதோடு, முதிர்ந்த செடியின் வேர்க்கூட்டம் மரப்பட்டையோடு பின்னிப் பிணைந்திருப்பதால், பெயர்க்கும்போதே பாதி வேர் அறுந்து, வீடு வந்து சேர்ந்த பிறகு செடி பிழைப்பது அரிது. கடையில் கிடைக்கும் செடிகள் திசு வளர்ப்பிலோ, விதைக்குப் பதிலாகப் பெரணி உதிர்க்கும் ஸ்போர் என்ற நுண்தூளிலோ உருவாக்கப்பட்டவை, விலையும் பெரிதல்ல.

மூன்றாம் படி: கலவை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் கவனமாகப் பின்பற்றுவதென்றால் அது இதுவாகவே இருக்கட்டும். செம்மண்ணும் மணலும் தொழு உரமும் சேர்ந்த வழக்கமான தொட்டிக் கலவை இதற்கு ஆகாது. அது நனைந்ததும் இறுகி, வேர்களைச் சுற்றியுள்ள காற்றை வெளியேற்றிவிடும்.

அளவு கணக்கில், விரற்கடை நீளத்துக்கு நறுக்கிய தேங்காய் மட்டைத் துண்டு 4 பங்கு, நன்கு மட்கிய இலையுரம் 2 பங்கு, அடுப்புக்கரித் துண்டு 1 பங்கு, உடைத்த செங்கல் அல்லது ஓட்டுச்சில் 1 பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு என்று சேர்த்துக்கொள்ளுங்கள். மட்டைத் துண்டு கிடைக்காத ஊர்களில் கோகோபீட் எனப்படும் தேங்காய் நார்த்தூள் கட்டியைப் பயன்படுத்தலாம். ஆனால் அது தனியாக நீரை மிக அதிகமாகப் பிடிக்கும் என்பதால் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், குறைந்த இடத்தைக் கரியாலும் ஓட்டுச்சில்லாலும் நிரப்பிவிடுங்கள். இலையுரத்துக்கு மா, பலா, வேம்பு என்று எந்தச் சருகும் ஏற்றது. கையில் எடுத்தால் எந்த இலை என்று அடையாளம் தெரியாத அளவுக்கு மட்கியிருக்க வேண்டும்.

தேங்காய் மட்டையிலும் நார்க்கழிவிலும் உப்பு உண்டு. அதைக் கழுவாமல் பயன்படுத்துவது இலைநுனி கருகுவதற்குப் பெரிய காரணம். துண்டுகளை வாளியில் போட்டு, மேலே மிதக்காமல் ஒரு கல்லை வைத்து, முழுக ஊறவிடுங்கள். முதல் நாள் வடிக்கும் நீர் கடுங்காப்பி நிறத்தில் இருக்கும். நாள்தோறும் நீரை மாற்றி வந்தால் மூன்று நான்கு நாட்களில் வெளிறிய மஞ்சளாகும். அப்போது எடுத்து நிழலில் உலர்த்திக்கொள்ளலாம். அடுப்புக்கரியையும் ஒருமுறை கழுவித் தூசி நீக்கிவிடுங்கள்.

கலவை சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, காலித் தொட்டியில் அதை நிரப்பி ஒரு செம்பு நீர் ஊற்றுங்கள். ஊற்றிய நீர் மேலே தேங்காமல் உடனடியாக இறங்கி அடித்துளையில் வர வேண்டும். அரை நிமிடம் மேலேயே நின்றால் ஓட்டுச்சில்லைக் கூட்டுங்கள்.

நான்காம் படி: நடுவது

உள்மாவட்டங்களில் ஜூலை முதல் செப்டம்பர் வரையும், கடலோர மாவட்டங்களில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பும் நடுவது நல்லது. மார்ச் முதல் மே வரை புதிதாக நட வேண்டாம்.

மண்தொட்டி, பிளாஸ்டிக் தொட்டி இரண்டிலும் வளரும். மண்தொட்டியில் பக்கவாட்டிலும் காற்று புகும் என்பதால் தண்ணீரைத் தாராளமாக ஊற்றும் பழக்கம் உள்ளவர்களுக்கு அதுவே ஏற்றது; இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் செடியைப் பார்க்க முடியும் என்பவர்கள் பிளாஸ்டிக்கை எடுக்கலாம். செடி இருந்த தொட்டியைவிட இரண்டு அங்குலம் மட்டுமே அகலம் கூடியதாக இருக்கட்டும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத கலவை நெடுநாள் ஈரமாகவே கிடந்து புளித்துப்போகும். அடியில் குறைந்தது மூன்று துளைகள் வேண்டும். தட்டு வைத்தால் அதில் நீர் நிற்கக் கூடாது.

நர்சரித் தொட்டியிலிருந்து செடியை எடுத்ததும் வேர்களைப் பார்த்துப் பலர் திகைக்கிறார்கள். மற்றச் செடிகளின் வேர் வெண்மையாக இருப்பதுபோல் இதன் வேர் இருக்காது. கறுத்த பழுப்பில், கம்பியாக, மேலே மென்மயிர் படர்ந்து ஒரு பஞ்சு உருண்டையாக இருக்கும். அதுதான் நலமான வேர். விரலால் அழுத்தினால் திரும்ப எழும்ப வேண்டும். கூழாகி நாற்றம் அடித்தால் மட்டுமே அழுகல். வேர் உருண்டையின் வெளிப்புறத்தில் ஒட்டியிருக்கும் செம்மண்ணையோ கோகோபீட்டையோ மூன்றில் ஒரு பங்கு மட்டும் மெதுவாக உதிர்த்துவிட்டு, உள்ளே இருப்பதைக் கலைக்காமல் விடுங்கள்.

தொட்டியில் பாதி அளவு கலவையைப் போட்டு, செடியை வைத்து, சுற்றிலும் நிரப்புங்கள். இலைகள் ஒன்றுகூடும் அடிப்பகுதி கலவையின் மட்டத்துக்கு ஒரு விரற்கடையாவது மேலே நிற்க வேண்டும். அது புதைந்தால் அழுகும். கலவையைக் கையால் அமுக்கி இறுக்காமல், தொட்டியைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினாலே போதுமான அளவு படியும்.

தரையில் நட விரும்புபவர்கள் குழி தோண்டக் கூடாது. மேலே மேடு கட்ட வேண்டும். செங்கல்லையோ கருங்கல் துண்டுகளையோ 20 முதல் 25 சென்டிமீட்டர் உயரத்துக்கு வட்டமாக அடுக்கி, அடியில் ஒரு வரிசை உடைகல் போட்டு, அதன் மேல் இதே கலவையை நிரப்பி நடுங்கள். செடிக்குச் செடி 75 சென்டிமீட்டராவது இடைவெளி இருக்கட்டும். தரையைத் தொடும் மட்டைத் துண்டுகளுக்குக் கறையான் வரும் என்பதால் மேட்டின் கீழ்ப்பாதியில் மட்டையைக் குறைத்து ஓட்டுச்சில்லைக் கூட்டிக்கொள்வது நல்லது.

ஐந்தாம் படி: தண்ணீர்

எத்தனை நாளைக்கு ஒருமுறை என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. கலவைக்குள் விரலின் இரண்டு கணு நுழைத்துப் பாருங்கள். மேற்கணுவில் உலர்ந்தும் கீழ்க்கணுவில் லேசான ஈரமும் இருந்தால் அதுவே தண்ணீர் ஊற்றும் நேரம். மேலே சொன்ன கலவையில் கோடையில் நாள்தோறும், பிற மாதங்களில் இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை, தொடர்மழைக் காலத்தில் அறவே இல்லை என்ற அளவில் இது அமையும். ஊற்றும்போது அடித்துளை வழியே நீர் ஓடும்வரை ஊற்றுங்கள். கையளவு தெளித்து மேற்பரப்பை மட்டும் நனைப்பது உப்பை அங்கேயே தங்கவைக்கும்.

கிண்ணத்தின் நடுவே ஊற்றலாமா என்பது அடிக்கடி எழும் கேள்வி. காட்டில் மழை அங்கேதான் விழுகிறது; ஆனால் அங்கே காற்று ஓடுகிறது, நீர் விரைவாகக் கீழே கசிந்துவிடுகிறது. காற்றோட்டம் குறைந்த பால்கனியிலும் சந்திலும் நடுவில் நிற்கும் நீர் குருத்தை அழுகவைக்கும். ஆகவே தொட்டிச் செடிக்கு விளிம்பையொட்டி ஊற்றுவதும், திறந்த தோட்டத்தில் மழைநீர் விழுவதைத் தடுக்காமல் விடுவதுமே சரி.

நீரின் தரம் இந்தப் பெரணிக்கு மிக முக்கியம். உப்பேறிய ஆழ்துளைக் கிணற்று நீரால் முதலில் இலைநுனியும் பிறகு விளிம்பும் பழுப்பாகும். வேறு நீர் இல்லாதவர்கள் மழைக்காலத்தில் மாடி மழைநீரை ஒரு பீப்பாயில் பிடித்துவைத்து, மாதம் ஒருமுறையாவது தொட்டியை அந்த நீரால் நன்கு அலசிவிடுவது பெரிய உதவி. அறையைக் குளிர்விக்கும் ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டும் நீரில் உப்பு இல்லை. சுத்தமான வாளியில் பிடித்து ஊற்றலாம். மாறாக, ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. வடிகட்டப்பட்ட உப்பு முழுவதும் சேர்ந்திருப்பது அந்த நீரில்தான்; பெரணிக்கு ஒரு செம்பும் வேண்டாம். மாநகராட்சிக் குடிநீரை ஓர் இரவு திறந்துவைத்து மறுநாள் ஊற்றுங்கள். கோடையில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து குழாய் வழியே பகலில் வரும் நீர் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும் என்பதால் காலை 7 மணிக்குள் ஊற்றிவிடுவது பாதுகாப்பு.

இலைக்கு வேண்டிய காற்றீரத்தை நீர்தெளிப்பானால் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறோம். தெளித்த ஈரம் சில நிமிடங்களில் உலர்ந்துவிடும். மாலையில் தெளித்தால் இரவு முழுவதும் இலையில் தங்கி நோயை அழைக்கும். செடிகளை நெருக்கமாகக் கூட்டி வைப்பது, சுற்றியுள்ள தரையைக் காலையிலும் பிற்பகல் 3 மணிவாக்கிலும் நனைத்துவிடுவது, சிமெண்ட் தரைக்குப் பதிலாக ஈர மணல் பரப்பின் மீது தொட்டிகளை வைப்பது ஆகியவை உண்மையான பலன் தருபவை. அக்கினி நட்சத்திர நாட்களில் நனைத்த சாக்கை அருகில் தொங்கவிடுவதும் நன்று.

ஆறாம் படி: உரம்

குறைவாகப் போடுங்கள். தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 கரையும் உரத்தை ஒரு லிட்டர் நீருக்கு அரை கிராம் என்ற அளவில், நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, கலவை ஏற்கெனவே ஈரமாக இருக்கும்போது கொடுத்தால் போதும். இயற்கை முறையை விரும்புபவர்கள் பயிர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் 3 சதவீதப் பஞ்சகவ்யத்துக்குப் பதில், லிட்டருக்கு 10 மில்லி என்று நீர்த்து ஊற்றலாம். தொட்டி விளிம்பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் தூவுவதும் போதுமானதே. உச்சக்கோடையிலும் அடைமழையிலும் எந்த உரமும் வேண்டாம். உரம் மிகுந்தால் புது இலைகள் கோணல்மாணலாக வரும். இலையைப் பளபளப்பாக்கும் திரவங்களையும் எண்ணெய்யையும் தடவ வேண்டாம். ஈரத்துணியால் அடியிலிருந்து நுனி நோக்கித் துடைத்தாலே இயற்கையான பளபளப்பு வந்துவிடும்.

வேர் தொட்டியை நிறைத்து நிற்பதை இது விரும்பும் என்பதால் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தொட்டி மாற்றினால் போதும். மட்டைத் துண்டுகள் நொறுங்கிக் கூழாகிவிட்டதாகத் தெரிந்தால் மட்டும் அதற்கு முன்பே மாற்றுங்கள்.

இலை சொல்லும் செய்தி

இதன் தொல்லைகள் எல்லாம் இலையில் எழுதப்பட்டுத்தான் வரும். செடி முழுவதும் மஞ்சள் கலந்த வெளிர்பச்சையானால் வெளிச்சம் மிகுதி. நுனி மட்டும் பழுப்பானால் உப்பு அல்லது வறண்ட காற்று. விரியும் இலை சுருங்கி வடுக்களோடு வந்தால், சுருளாக இருந்தபோது கை பட்டிருக்கலாம் அல்லது அப்போது காற்று மிக வறண்டிருக்கலாம். வெளிவட்டத்தின் மூத்த இலை ஒன்றிரண்டு மஞ்சளாகித் தொங்குவது நோயல்ல; பசுமை மாறாத செடியும் மூத்த இலைகளை ஒவ்வொன்றாகத்தான் விடுகிறது. தொட்டிச் செடியில் அவற்றைக் கூர்மையான கத்தியால் அடியோடு வெட்டலாம். மரத்தில் ஏற்றிய செடியில் உலர்ந்த இலைகளை அப்படியே தொங்கவிடுவதே நல்லது. அவை பாவாடையாகச் சூழ்ந்து வேர்க்கூட்டத்தை வெயிலிலிருந்து காக்கின்றன.

இலையின் அடிப்புறத்தில் நடுநரம்பிலிருந்து விளிம்பை நோக்கி, சாய்வாக, ஒன்றுக்கொன்று இணையாக, பழுப்புக் கோடுகள் தோன்றும்போது பூச்சி என்று பதறி மருந்தடிப்பவர்கள் உண்டு. அவை ஸ்போர்ப் பைகளின் வரிசைகள். செடி முதிர்ந்து நலமாக இருப்பதன் அடையாளம். கோடுகளின் ஒழுங்கைப் பார்த்தே அடையாளம் காணலாம். செதில் பூச்சி ஒழுங்கின்றி, மேடான புள்ளிகளாக, நடுநரம்பை ஒட்டி இருக்கும். நகத்தால் நெம்பினால் பெயர்ந்துவரும். சோப்புக் கரைசலில் நனைத்த பஞ்சால் அவற்றைத் துடைத்தெடுப்பதே முதல் வழி. மாவுப்பூச்சிக்கும் அதுவே. வேப்பெண்ணெய் தெளிப்பதானால் லிட்டருக்கு 3 மில்லிக்கு மேல் வேண்டாம். முதலில் ஒரே ஓர் இலையில் தெளித்து ஒரு வாரம் பார்த்துவிட்டு, அதற்குப் பின் முழுச் செடிக்கும் மாலையில் தெளியுங்கள். பெரணி இலைகள் எண்ணெய்க்கும் பூச்சிமருந்துக்கும் எளிதில் கருகக்கூடியவை.

நத்தைகளுக்கு இதன் குருத்து மிகப் பிடித்த உணவு. தைவானில் இளங்குருத்தை மனிதர்களே காய்கறியாகச் சமைத்து உண்ணும் அளவுக்கு அது மென்மையானது. ஓர் இரவில் நான்கைந்து குருத்துகள் போய்விடும் என்பதால், மழைக்காலத்தில் இருட்டிய பிறகு கைவிளக்கோடு பார்த்துப் பொறுக்குவதே நம்பகமான வழி. பெரிய ஆப்பிரிக்க நத்தையை வெறுங்கையால் தொடாமல் கையுறை அணிந்து எடுத்து உப்புநீரில் போடுங்கள்.

இரண்டு நோய்களை மட்டும் அலட்சியம் செய்யக் கூடாது. இலையில் நீர்கோத்த, ஒளி ஊடுருவும் புள்ளிகள் தோன்றி வேகமாகப் பெரிதானால் அது பாக்டீரியா. நரம்புகளுக்கு இடையே பட்டை பட்டையாகக் கறுத்த பழுப்பு நிறம் ஏறினால் அது இலைக்குள் வாழும் நுண்புழுவான இலை நூற்புழு. இரண்டும் தெறிக்கும் நீரின் வழியே அடுத்த இலைக்கும் அடுத்த செடிக்கும் பரவுபவை. பாதித்த இலைகளை வெட்டி எரித்துவிட்டு, அந்தச் செடியைத் தனியே ஒதுக்கி, சில வாரங்களுக்கு இலை நனையாமல் நீர் ஊற்றுங்கள். வெட்டிய இலைகளை உரக்குழியில் போடாதீர்கள். இலையடி கறுத்துக் குழையும் அழுகலில் வெளிவட்டம் மட்டும் கெட்டிருந்தால், கெட்டதை வெட்டி, கலவையை உலரவிட்டுக் காப்பாற்றலாம். நடுக்குருத்து அழுகிவிட்டால் அந்தச் செடியை மீட்க முடியாது. இதற்கு வளரும் முனை ஒன்றே ஒன்றுதான்.

மரத்தில் ஏற்றுவது

தோட்டத்தில் பெரிய மரம் இருப்பவர்கள் ஓராண்டு தொட்டியில் பழகிய செடியை மரத்தில் ஏற்றிப் பார்க்க வேண்டும். இந்தப் பெரணியின் முழு அழகும் அங்கேதான் வெளிப்படும். பராமரிப்பும் நாளடைவில் குறையும். பட்டை சொரசொரப்பாகவும் உரியாமலும் இருக்கும் மா, பலா, தூங்குமூஞ்சி மரங்கள் ஏற்றவை. பட்டை உரிக்கும் கொய்யாவும் தைலமரமும் ஆகா. பெரணி மரத்தின் சாற்றை உறிஞ்சும் ஒட்டுண்ணி அல்ல என்பதால் மரத்துக்குத் தீங்கில்லை.

மழைக்காலத் தொடக்கத்தில், ஆளுயரத்தில், கவட்டையையோ சற்றே சாய்ந்த தண்டையோ தேர்ந்தெடுங்கள். செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, அடிப்பக்கக் கலவையைக் கொஞ்சம் உதிர்த்து, வேர் உருண்டையை அரைமணி நேரம் நீரில் ஊறவைத்து, ஈரமான தேங்காய் நாரை இரண்டு விரல் கனத்துக்குச் சுற்றிலும் பொதியுங்கள். அதன் மேல் ஒரு சுற்றுச் சாக்கு. இதைப் பட்டையோடு நன்கு ஒட்டி வைத்து, பழைய பருத்திப் புடவையைக் கிழித்த பட்டையாலோ நைலான் கயிற்றாலோ இரண்டு இடங்களில் கட்டுங்கள். கம்பி பட்டையை அறுத்துவிடும். கிண்ணத்தின் வாய் வானத்தை நோக்க வேண்டும் என்பது முக்கியம். பக்கவாட்டில் கவிழ்ந்தால் விழும் சருகு தங்காது, செடிக்கு உணவு கிடைக்காது. முதல் சில மாதங்களுக்கு மழையில்லாத நாட்களில் தினமும் நாரை நனையுங்கள். பழுப்பு வேர்கள் சாக்கைத் துளைத்துப் பட்டையின் பிளவுகளைப் பற்றியதும் செடியைப் பிடித்து மெதுவாக அசைத்துப் பாருங்கள். நகரவில்லை என்றால் கட்டை அவிழ்த்துவிடலாம். அதன் பிறகு மரம் உதிர்க்கும் சருகே உரமாகும். கோடையில் மட்டும் நீர் கொடுங்கள்.

செடியைப் பெருக்குவது

பறவைக்கூடு பெரணியை வாழையைப் போலப் பிரித்து நட முடியாது. கடைத் தொட்டியில் இரண்டு மூன்று கிண்ணங்கள் தெரிந்தால் அவை சேர்த்து நடப்பட்ட தனித்தனிச் செடிகள். அவற்றை மட்டும் பிரிக்கலாம். மற்றபடி ஸ்போர்தான் வழி. பொறுமை உள்ளவர்கள் கட்டாயம் முயன்று பார்க்க வேண்டிய வேலை இது.

அடிப்புறக் கோடுகள் அடர்பழுப்பாகியதும் இலைத்துண்டு ஒன்றை வெட்டி, வெள்ளைத் தாளின் மீது கோடுகள் கீழ்நோக்கி இருக்குமாறு வைத்து, காற்றுப்படாத இடத்தில் மூடிவிடுங்கள். இரண்டு மூன்று நாட்களில் தாளின் மீது நுண்ணிய பழுப்புத்தூள் கோடுகோடாகப் படிந்திருக்கும். கழுவிய கோகோபீட்டைக் கொதிநீர் ஊற்றிக் கிருமிநீக்கி, ஆறியதும் மூடியுள்ள தெளிவான பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு அங்குலம் பரப்பி, அதன் மேல் தூளை மிக மெல்லியதாகத் தூவுங்கள். மேலே மண் போடக் கூடாது; ஸ்போர் முளைக்க வெளிச்சம் தேவை. மூடியை இறுக மூடி, வெயில் படாத வெளிச்சத்தில் வைத்தால் சில வாரங்களில் பச்சைப் பாசி படர்ந்ததுபோல் தெரியும். உருப்பெருக்கியால் பார்த்தால் ஒவ்வொன்றும் நகக்கண் அளவுகூட இல்லாத இதய வடிவத் தகடு. இந்தத் தகட்டில்தான் கருவுறுதல் நடக்கிறது. ஆண் அணு நீந்திச் செல்வதற்கு மெல்லிய நீர்ப்படலம் வேண்டும். எனவே இந்தக் கட்டத்தில் ஆறவைத்த கொதிநீரை வாரம் ஒருமுறை பனிபோலத் தெளித்து உடனே மூடிவிடுங்கள். தொடர்ந்து வரும் மாதங்களில் தகடுகளின் அடியிலிருந்து முதல் சிறு இலைகள் எழும். அவை இரண்டு சென்டிமீட்டர் உயர்ந்ததும் மூடியை நாளுக்குச் சிறிது நேரம் திறந்துவைத்து வெளிக்காற்றுக்குப் பழக்கி, மூன்று நான்கு நாற்றுகளைக் கொத்தாக எடுத்து, மூன்றாம் படியில் சொன்ன கலவையை நன்றாகப் பொடித்து நிரப்பிய 3 அங்குலத் தொட்டிகளுக்கு மாற்றுங்கள். ஒரு கோடையைத் தாண்டும்வரை அவற்றை நிழல்வலைக்குள்ளேயே வைத்திருங்கள்; தனித்தனியாகப் பிரித்து நடுவதை அடுத்த ஆடி மாதத்தில் செய்துகொள்ளலாம்.